அடித்தவன் பெயர் மட்டும் ஏன் பட்டியலில் வருகிறது? – ஒன்லைன் கேம்களின் ஒரு சின்ன வரலாறு



கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

போன மாதம் இடைவேளை நேரத்தில் தரம் 10 பிள்ளைகள் இரண்டு பேருக்கிடையில் பெரிய வாய்த்தர்க்கம். கூப்பிட்டு விசாரித்தால் விடயம் கேம். முதல் நாள் இரவு ஐந்து பேராகச் சேர்ந்து விளையாடித் தோற்றிருக்கிறார்கள்.

"இவன் ஒண்டும் அடிக்கல்ல சேர். முடிவில வாற லிஸ்ட்டப் பாருங்க, இவன்ட டெமேஜ்தான் ஆகக் குறைய" என்றார் ஒருவர்.

மற்றவர் அழாக்குறை. "நான் எதிரிட கவசத்தக் குறைச்சுக் குடுத்தபடியாத்தானே சேர் இவன்ட அடியெல்லாம் பட்டது. அது லிஸ்ட்ல வராது."

இரண்டு பேரையும் அதட்டி வகுப்புக்கு அனுப்பிவிட்டோம். ஆனால் இரண்டாவது பிள்ளை சொன்னது மனதை விட்டுப் போகவில்லை. அவர் சொன்னதற்கு நாம் பதிலே சொல்லவில்லையே! தேடிப் பார்த்தால், அது இன்று நேற்று வந்த பிரச்சினை அல்ல. ஒன்லைன் கேம் உலகில் ஏறத்தாழ 25 வருடங்களாக நடக்கும் விவாதம். அந்த வரலாற்றைத்தான் இங்கே எழுதுகிறோம். கேம் விளையாடாத வாப்பாமார், உம்மாமாரும் விளங்கிக்கொள்ளும்படி எழுத முயல்கிறோம். (இரவு 12 மணிக்குப் பிறகும் விளையாடுவது சரியா என்பது வேறு பதிவு. அதற்கும் வருவோம், இன்ஷா அல்லாஹ்.)

முதலில் இரண்டு சொற்கள்

பலர் சேர்ந்து ஒரு பெரிய எதிரியோடு சண்டை போடும் கேம்களில் அந்த எதிரியை "பொஸ்" என்பார்கள். அவருக்கு நாம் கொடுக்கும் அடியின் அளவு "டெமேஜ்". இப்போது ஒரு வீரருக்கு முன்னால் இரண்டு வழி இருக்கிறது.

ஒன்று, தன் அடியைக் கூட்டிக்கொள்வது. அதன் பலன் தனக்கு மட்டும்.

மற்றது, பொஸ்ஸைப் பலவீனப்படுத்துவது. கவசத்தைக் குறைப்பது, வேகத்தைக் குறைப்பது, அடி கூடுதலாகப் படும்படி செய்வது. இதற்குப் பெயர் "டிபஃப்". இதன் பலன் அங்கே நிற்கும் அத்தனை பேருக்கும். ஆனால் டிபஃப் போடும் அந்த நொடியில் போடுபவர் அடிக்க முடியாது. அல்லது தன் சொந்த அடிக்கான ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டும்.

எதைத் தெரிவுசெய்வது? நம்முடைய பிள்ளைகள் சண்டை பிடித்தது இதில்தான்.

1999: புள்ளியைச் சமமாகப் பிரித்தவர்கள்

1999 மார்ச்சில் எவர்குவெஸ்ட் என்ற கேம் வெளிவந்தது. ஆயிரக்கணக்கானோர் ஒரே உலகில் சேர்ந்து விளையாடிய ஆரம்பகாலப் பெரிய கேம்களில் அதுவும் ஒன்று. அதில் என்சாண்டர், ஷாமன் என்று இரண்டு வகை வீரர்கள். இவர்களுடைய பெரிய மதிப்பு "ஸ்லோ" என்ற டிபஃப். அதைப் போட்டால் பொஸ் கை வீசும் வேகம் வெகுவாகக் குறையும். அது இல்லாவிட்டால் முன்னால் நின்று அடிவாங்கும் வீரர் தாக்குப்பிடிப்பது கஷ்டம். என்சாண்டரிடம் "டாஷ்" என்ற இன்னொன்றும் இருந்தது. எதிரியின் மந்திர எதிர்ப்பைக் குறைப்பது. அதற்குப் பிறகு மற்றவர்கள் போடும் மந்திரம் வீணாகாது.

அங்கே இந்த விவாதம் பெரிதாக வெடிக்கவில்லை. காரணம், டிபஃப் இல்லாவிட்டால் செத்துப்போவோம் என்பது எல்லோருக்கும் கண்முன்னே தெரிந்தது. ஆனால் வேறொரு கேள்வி வந்தது. பொஸ் விழுந்ததும் கிடைக்கும் வாள், கவசம் எல்லாம் சில மாத்திரம். வந்தவர்களோ பல பேர். யாருக்குக் கொடுப்பது?

1999இலேயே ஆஃப்டர்லைஃப் என்ற குழு இதற்கு ஒரு முறை கண்டது. பெயர் "டிரேகன் கில் பொய்ன்ட்ஸ்", சுருக்கமாக டி.கே.பி. பொஸ்ஸை வீழ்த்தும்போது கூட நின்ற எல்லோருக்கும் புள்ளி. அதிகம் அடித்தவருக்கும் அதே புள்ளி, வேகத்தைக் குறைத்தவருக்கும் அதே புள்ளி, காயத்தை ஆற்றியவருக்கும் அதே புள்ளி. சேர்ந்த புள்ளியைச் செலவழித்துப் பொருளை எடுத்துக்கொள்ளலாம். இந்த முறை பிறகு எத்தனையோ கேம்களுக்குப் பரவியது.

யார் எவ்வளவு செய்தார் என்று அளக்க வழியில்லாத இடத்தில் "வந்து நின்றாரா, கடைசிவரை இருந்தாரா" என்பதை அளவுகோலாக வைத்தார்கள். குறை இல்லாமல் இல்லை. சும்மா நின்றவருக்கும் புள்ளி போகும். ஆனால் டிபஃப் போடுபவர் நட்டப்படவில்லை.

2004: 40 பேர், 16 இடங்கள்

2004 நவம்பர் 23ஆம் திகதி பிளிஸார்ட் நிறுவனம் வேர்ல்ட் ஒஃப் வோர்க்ராஃப்ட் கேமை வெளியிட்டது. இந்த விவாதம் முழு வடிவம் எடுத்தது இங்கேதான்.

அதில் மோல்டன் கோர் போன்ற பெரிய களங்களுக்கு 40 பேர் சேர்ந்து போகலாம். ஆனால் ஒரு பொஸ்ஸின் மீது ஒரே நேரத்தில் நிற்கக்கூடிய டிபஃப்களுக்கு எல்லை வைத்திருந்தார்கள். ஆரம்பத்தில் 8. பிறகு 16. 40 பேருக்கு 16 இடம்! 17ஆவது ஒன்று வந்தால் ஏற்கெனவே இருந்த ஒன்று விழுந்துவிடும்.

யோசித்துப் பாருங்கள். ஒரு வேட்டைக்காரர் தன் விஷ அம்பை எய்கிறார். அவருடைய கணக்கில் கொஞ்சம் டெமேஜ் கூடுகிறது. ஆனால் அந்த விஷம் ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. அதனால் எல்லோருக்கும் பயன்பட்ட ஒரு டிபஃப் விழுந்துபோனால்? இதனால்தான் பல குழுக்களில் தலைவர்கள், "நீங்கள் விஷ அம்பு எய்ய வேண்டாம்", "நீங்கள் அந்த மந்திரத்தைப் போட வேண்டாம்" என்று தடை போட்டார்கள். சொந்த அடியில் ஒரு பகுதியைக் குழுவுக்காக அடக்கிக்கொள்வது அங்கே விதியாகவே இருந்தது.

இந்தத் தெரிவு ஆகத் தெளிவாக இருந்தது வோர்லொக் என்ற வகை வீரரிடம். அவருடைய கையில் பல "சாபங்கள்" (கேமில் வைத்த பெயர்தான்). ஒரு வோர்லொக் ஒரு பொஸ்ஸின் மீது ஒரு சாபம் மட்டுமே வைத்திருக்கலாம். அவற்றில் சில:

▪️ வேதனைச் சாபம்: 24 நொடியில் 1044 டெமேஜ். முழுவதும் போட்டவருடைய கணக்கில்.
▪️ மூலகங்களின் சாபம்: நெருப்பு, பனி மந்திரங்களால் பொஸ்ஸுக்குப் படும் அடி 10% கூடும். எதிர்ப்பும் 75 புள்ளி குறையும். போட்டவருடைய கணக்கில் பூச்சியம்.
▪️ நிழல் சாபம்: அதே 10%, நிழல் மந்திரத்துக்கும் ஆர்கேன் மந்திரத்துக்கும்.
▪️ துணிச்சல் சாபம்: பொஸ்ஸின் கவசம் 640 குறையும். வாள் வீசுபவர்களுக்கு நல்லது. ஆனால் பொஸ்ஸின் அடியும் கொஞ்சம் கூடும்.

எதைப் போடுவது? கணக்குப் போட்டுப் பார்ப்போம். கணித பாடம்தான், பயப்பட வேண்டாம்.

கணக்கு என்ன சொல்கிறது

வேதனைச் சாபத்தின் 1044ஐ 24ஆல் வகுத்தால் நொடிக்கு 43.5.

மோல்டன் கோரின் எதிரிகள் பலருக்கு நெருப்பு பலிக்காது. எனவே மேஜ் என்ற மந்திர வீரர்கள் பனி மந்திரம் போடுவார்கள். அப்படி 5 மேஜ்கள், ஒவ்வொருவரும் நொடிக்கு 300 அடிப்பதாக உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். மொத்தம் 1500. அதில் 10% என்றால் 150.

அதாவது மூலகங்களின் சாபத்தைப் போட்டால் குழுவுக்கு நொடிக்கு 150 இலாபம். போட்டவருக்கு நொடிக்கு 43.5 நட்டம். 5 நிமிடச் சண்டையில் குழுவுக்கு 45,000 கூடுகிறது. இவருடைய பெயருக்கு நேரே 13,050 குறைகிறது. அந்த 45,000உம் மேஜ்களின் பெயரில் பதிவாகிறது!

இப்போது அதே வோர்லொக் 5 பேர் மட்டும் உள்ள சிறிய குழுவில் இருக்கிறார். கூட ஒரே ஒரு மேஜ். 300இன் 10% வெறும் 30. இங்கே 43.5தான் பெரிது. தன் அடியைப் பார்ப்பதுதான் குழுவுக்கும் நல்லது.

இன்னுமொன்று. ஏற்கெனவே வேறொருவர் மூலகங்களின் சாபத்தைப் போட்டிருந்தால், இரண்டாமவர் அதையே போடுவதில் பலன் பூச்சியம். முதலாமவர் ஒன்று, இரண்டாமவர் வேறொன்று, மூன்றாமவர் மற்றொன்று. அதற்குப் பிறகு வருபவர் தாராளமாகத் தன் அடியைப் பார்க்கலாம்.

ஆகவே "எப்போதும் விட்டுக்கொடு" என்று கணக்கு சொல்லவில்லை. "உன் அடியைப் பார்" என்றும் சொல்லவில்லை. "உன்னோடு எத்தனை பேர் நிற்கிறார்கள், உனக்கு முன்னால் யாராவது செய்துவிட்டார்களா என்று முதலில் பார்" என்றுதான் சொல்கிறது.

மீட்டர் வந்த பிறகு

கணக்கு இவ்வளவு தெளிவாக இருந்தும் சண்டை ஏன் வந்தது? அளவுகோலால்.

அந்த நாட்களில் டெமேஜைக் காட்டும் பட்டியலை பிளிஸார்ட் கேமுக்குள் வைக்கவில்லை. விளையாடுபவர்களே "டெமேஜ் மீட்டர்" என்ற சிறு மென்பொருட்களை எழுதிச் சேர்த்துக்கொண்டார்கள். ரீகவுண்ட், ஸ்கேடா என்பன அவற்றில் பிரபலமானவை. சண்டை முடிந்ததும் யார் முதலாவது, யார் கடைசி என்று கோடு கோடாகக் காட்டும்.

மீட்டர் கெட்டதல்ல. யார் தூங்கிக்கொண்டிருக்கிறார் என்று அது காட்டியது. எங்கே பிழை விடுகிறோம் என்று விளங்கிப் பலர் முன்னேறினார்கள். ஆனால் அது எண்ணியது கையிலிருந்து போன அடியை மாத்திரம். மேஜ் அடித்த 330இல் 30 வோர்லொக்கின் சாபத்தால் வந்தது என்று அதற்குத் தெரியாது.

இதில் ஒரு சுழல் இருக்கிறது. குழுச் சாபத்தை யாருக்குக் கொடுப்பது என்று தலைவர் யோசிக்கும்போது, பலவீனமான ஆயுதம் உள்ளவருக்குக் கொடுப்பதுதான் புத்தி. அவர் அடிக்காவிட்டால் நட்டம் குறைவு. ஆனால் பிறகு பொருள் பிரிக்கும்போது அதே தலைவர் மீட்டரைப் பார்த்துக் கொடுப்பவராக இருந்தால், அந்த மனிதர் எப்போதும் கீழேதான். கீழே இருப்பதால் மறுபடியும் அவருக்கே சாபம். தலைவர் நல்லவராகவே இருந்தாலும், பட்டியலை மட்டும் நம்பினால் இந்த அநியாயம் தானாகவே நடக்கும்.

2007இல் வந்த பர்னிங் குருசேட் என்ற அடுத்த பாகத்தில் இது இன்னும் கூர்மையானது. வொரியர் என்ற வீரர் "சண்டர்" அடியை ஐந்து தடவை போட்டால் பொஸ்ஸின் கவசம் 2600 குறையும். ரோக் என்ற வீரர் அதற்கான திறமையைப் பெற்றுத் தன் அடியால் 3075 குறைக்கலாம். இரண்டும் ஒன்றாக நிற்காது. ரோக் செய்தால் எல்லோருக்கும் இலாபம். ஆனால் அவர் சேர்த்த புள்ளிகளையெல்லாம் தன் பெரிய அடிக்குப் பதிலாக இதற்குக் கொட்ட வேண்டும். மீட்டரில் அவர் இறங்கிவிடுவார்.

கேமைச் செய்தவர்கள் கண்ட தீர்வு

2008 நவம்பரில் வந்த ராத் ஒஃப் த லிச் கிங் பாகத்தில் பிளிஸார்ட் பெரிய மாற்றம் செய்தது. முக்கியமான டிபஃப்கள் ஒவ்வொன்றையும் பல வகை வீரர்களிடம் பிரித்துக் கொடுத்தார்கள். மந்திர அடியை 13% கூட்டும் டிபஃபை வோர்லொக்கும் போடலாம், ஒரு வகை டெத் நைட்டும் போடலாம், ஒரு வகை ட்ரூயிட்டும் போடலாம். இதில் கவனிக்க வேண்டியது, டெத் நைட்டும் ட்ரூயிட்டும் அதற்காக எதையும் விட்டுக்கொடுக்கத் தேவையில்லை. வழமையாக அடிக்கும்போதே அது தானாக விழும். அவர்களில் ஒருவர் இருந்தால் வோர்லொக் தன் சொந்தச் சாபத்துக்குப் போய்விடலாம்.

2014இல் வோர்லோர்ட்ஸ் ஒஃப் ட்ரேனோர் பாகத்தோடு கவசத்தைக் குறைப்பது, மந்திர அடியைக் கூட்டுவது போன்ற குழு டிபஃப்களை எடுத்தே விட்டார்கள். 2018இல் இரண்டு திரும்பி வந்தன. அப்போது டீமன் ஹண்டர் அடித்தால் பொஸ்ஸுக்கு மந்திர அடி 5% கூடியது. மொங்க் அடித்தால் உடல் அடி 5% கூடும். இரண்டும் தானாகவே நடப்பவை.

அதாவது, "தனக்கா, குழுவுக்கா" என்ற கேள்விக்கு அவர்கள் சொன்ன பதில், கேள்வியையே அகற்றிவிடுவது. சண்டை குறைந்தது உண்மை. ஆனால் விட்டுக்கொடுத்து நின்ற அந்த ஒருவரின் இடமும் போய்விட்டது. டீமன் ஹண்டர் தன் 5%ஐக் கொடுக்க எதையும் இழக்கவில்லை, யோசிக்கவும் இல்லை.

2019 ஓகஸ்டில் பழைய கேமையே "க்ளெசிக்" என்ற பெயரில் மீண்டும் திறந்தபோது ஏராளமானோர் திரும்பி வந்தார்கள். 16 இடங்களும் சாபங்களும் அப்படியே இருந்தன. ஆனால் இந்தத் தடவை வோர்க்ராஃப்ட் லொக்ஸ் என்ற இணையத்தளம் இருந்தது. ஒவ்வொருவரின் டெமேஜையும் உலகம் முழுவதிலும் அதே வகை வீரர்களோடு ஒப்பிட்டுச் சாம்பல், பச்சை, நீலம், ஊதா, செம்மஞ்சள் என்று நிறம் கொடுக்கும். குழுச் சாபம் போட்ட வோர்லொக்கும் போடாத வோர்லொக்கும் ஒரே பட்டியலில். விட்டுக்கொடுத்தவருக்கு மங்கிய நிறம்.

அளவுகோலைத் திருத்தியவர்கள்

இன்னொரு பக்கம் ஜப்பானின் ஃபைனல் ஃபேண்டஸி 14. 2013இல் மீண்டும் புதிதாக வெளிவந்த கேம். இங்கே பெரிய சண்டைகளுக்கு 8 பேர். 2014இல் நிஞ்சா என்ற வீரரைச் சேர்த்தார்கள். அவருடைய "ட்ரிக் அட்டாக்" அடி பட்டால் சில நொடிகளுக்கு எல்லோருடைய அடியும் பொஸ்ஸுக்கு 10% கூடுதலாக விழும். நிஞ்சாவின் பெயரில் குறைவு, குழுவில் நிறைவு. அதே பிரச்சினை.

இந்தக் கேமில் வெளி மென்பொருள் பாவிப்பதே விதிக்கு மாறு. ஆனாலும் மீட்டர் வந்தது. எஃப்எஃப் லொக்ஸ் என்ற தளமும் வந்தது. ஆனால் அந்தத் தளம் பின்னர் ஒரு நல்ல வேலை செய்தது. கணக்கு வைக்கும் முறையையே மாற்றியது. உங்களுடைய டிபஃப் காரணமாக நான் அடித்த மேலதிக அடி, என் கணக்கிலிருந்து கழிக்கப்பட்டு உங்கள் கணக்கில் சேரும். நாம் மேலே பார்த்த உதாரணத்தில் மேஜின் 330இலிருந்து அந்த 30, அதைக் கொடுத்தவரிடமே போய்ச் சேர்வது போல. இந்த முறையில் நிஞ்சாவின் பெயர் பட்டியலில் ஏறியது. நிஞ்சா ஒரு அடியும் கூடுதலாக அடிக்கவில்லை. மாறியது அளவுகோல் மட்டும்!

மறுபக்கமும் இருக்கிறது. அதே கேமில் சாமுராய், பிளெக் மேஜ் போன்றவர்கள் இன்று மற்றவர்களின் அடியைக் கூட்டுவதில்லை. முழுக்கத் தங்கள் அடி. விளையாடுபவர்கள் வேடிக்கையாக இவர்களைச் "சுயநல" வீரர்கள் என்பார்கள். ஆனால் இவர்கள் இல்லாவிட்டால் நிஞ்சாவின் 10% எதில் ஏறும்? எட்டுப் பேரும் பொஸ்ஸைப் பலவீனப்படுத்திக்கொண்டே நின்றால் பொஸ் விழாது. பூச்சியத்தில் 10% பூச்சியம்தான். பலமாக அடிக்க ஒருவர் வேண்டும், அந்த அடிக்கு வழி திறக்க ஒருவர் வேண்டும்.

2022 ஏப்ரலில் நிஞ்சாவை மறுபடி மாற்றினார்கள். குழுவுக்கான டிபஃப் "மக்" என்ற வேறொரு அடிக்குப் போனது. 5%, இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை. ட்ரிக் அட்டாக் நிஞ்சாவின் சொந்த அடியை மட்டும் 10% கூட்டுவதாக மாறியது. ஒரே வீரரின் கையில் இரண்டும். குழுவுக்கு ஒரு நேரம், தனக்கு ஒரு நேரம்.

அந்தப் பிள்ளைக்கு என்ன பதில்?

மறுநாள் அந்த இரண்டு பேரையும் கூப்பிட்டு, மேலே சொன்ன 150, 43.5 கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டினோம். முதலாமவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்: "அப்ப சேர், நான் அடிச்சதுல எவ்வளவு அவன்ட?" அந்தக் கேள்வி வந்ததே போதும் என்று நினைத்தோம்.

இரண்டாமவருக்கும் ஒன்று சொன்னோம். ஐந்து பேர்தானே. நீங்கள் கவசத்தைக் குறைக்கும்போது எத்தனை பேர் அடித்துக்கொண்டிருந்தார்கள்? ஒருவர்தான் என்றால் நீங்களும் அடித்திருக்க வேண்டும். விட்டுக்கொடுப்பதற்கும் கணக்குப் பார்க்க வேண்டும். விளையாட முன்னரே "நான் இதைச் செய்யப் போகிறேன்" என்று மற்றவர்களுக்குச் சொல்லவும் வேண்டும்.

பிறகு எங்கள் பக்கத்தையும் பார்த்தோம். குழு ஒப்படை கொடுக்கிறோம். முன்னால் வந்து பேசிய பிள்ளைக்கே புள்ளி கூடப் போகிறது. தகவல் தேடியவர், எழுதிக் கொடுத்தவர், சண்டை பிடித்த இரண்டு பேரைச் சமாதானப்படுத்தி வேலையை முடிக்க வைத்தவர், இவர்களுடைய பெயர் எங்கள் பட்டியலில் வருவதில்லை. எங்களிடம் இருப்பதும் ஒரு டெமேஜ் மீட்டர்தான்.

இந்தத் தவணை ஒரு சின்ன மாற்றம் செய்திருக்கிறோம். ஒப்படையின் கடைசிப் பக்கத்தில் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு வரி எழுத வேண்டும்: "என்னுடைய வேலையை இலேசாக்கியவர் யார், எப்படி?" நாம் எதிர்பார்க்காத பெயர்கள் வருகின்றன. வகுப்பில் வாய் திறக்காத ஒரு பிள்ளையின் பெயரை நாலு பேர் எழுதியிருந்தார்கள்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளை கேம் விளையாடிவிட்டு வந்தால் "எத்தனை பேரை அடிச்ச?" என்று மட்டும் கேட்காதீர்கள். "நீ அடிக்க ஆர் வழி செஞ்சு தந்த?" என்றும் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். பதிலைக் கீழே எழுதுங்கள். நாமும் வாசிக்க ஆசை.

வஸ்ஸலாம்.